கெரட்டோகோனஸ் கண்ணை அளக்கும் கருவிகள்: எந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு ரிப்போர்ட்டுகளை மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "போன தடவை 52.1, இப்போ 53.4. கூடிடுச்சா?" என்று கேட்பவர்களை நான் வாரம் தவறாமல் பார்க்கிறேன். அந்த எண்கள் கருவிழி எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதை டயாப்டர் என்ற அலகில் சொல்பவை. கருவிழி ஸ்கேன் எடுப்பதும் படிப்பதும்தான் என் வேலை. அந்தக் கேள்வியைக் கேட்பவரின் முகத்தில் இருக்கும் பயம் எனக்குப் பழகவே இல்லை. நேர்மையான பதில் பல நேரம் "இந்த இரண்டு தாளை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது" என்பதுதான். ஏன் அப்படி என்பதை இங்கே விளக்குகிறேன்.

கெரட்டோகோனஸ் என்பது கருவிழி, அதாவது கார்னியா, மெலிந்துகொண்டே போய் கூம்புபோல முன்னால் துருத்தும் நோய். பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கும். நோய் வளர்கிறதா, நின்றுவிட்டதா என்பதை வைத்துத்தான் சிகிச்சை முடிவாகிறது. அதைச் சொல்ல வேண்டியவை கருவிகள்.

மற்றவர்கள் கண்ணில் சரியாக அளக்கும் கருவி, இந்தக் கண்ணில் மட்டும் ஏன் தடுமாறுகிறது?

கருவி கண்ணைப் பற்றி முன்கூட்டியே சில விஷயங்களை நம்பிக்கொண்டுதான் அளக்கத் தொடங்குகிறது. பழைய கெரட்டோமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கருவிழியின் நடுவில் சுமார் 3 மில்லிமீட்டர் வட்டத்தில் சில புள்ளிகளை மட்டும் பார்த்து, மீதியெல்லாம் அதே ஒழுங்கில்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. சாதாரணக் கண்ணில் அது சரி. கெரட்டோகோனஸில் கூம்பின் உச்சி பெரும்பாலும் நடுவில் இருக்காது. கீழே, கொஞ்சம் காதுப் பக்கமாக இறங்கியிருக்கும். உச்சியை விட்டுவிட்டுச் சரிவை மட்டும் அளந்தால் வரும் எண்ணுக்கு என்ன அர்த்தம்?

இன்னொரு அனுமானம் பலருக்குத் தெரியாது. கருவிழிக்கு முன்புறம், பின்புறம் என்று இரண்டு பரப்புகள் உண்டு. முன்புறத்தை மட்டும் அளக்கும் கருவி, 1.3375 என்ற ஒரு கணக்கு எண்ணை வைத்துப் பின்புறத்தின் பங்கையும் ஊகித்துவிடுகிறது. இரண்டு வளைவுகளும் வழக்கமான விகிதத்தில் இருக்கும் என்பதுதான் அந்த ஊகம். கெரட்டோகோனஸில் பின்புறம் அதைவிட அதிகமாக வளைவதால் ஊகம் பிசகிவிடும்.

டோபோகிராஃபி, பென்டாகாம், ஓசிடி எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. அளக்கும் விதமே வேறு.

டோபோகிராஃபியில் ஒளிரும் வட்டங்கள் உங்கள் கருவிழியில் எப்படிப் பிரதிபலிக்கின்றன என்று பார்க்கிறார்கள். 1880 வாக்கில் போர்ச்சுகல் மருத்துவர் பிளாசிடோ கையில் பிடிக்கும் ஒரு தட்டில் செய்ததன் கணினி வடிவம் இது. பிரதிபலிப்பு என்பதால் உண்மையில் அது அளப்பது கண்ணீர்ப் படலத்தின் மேற்பரப்பை. கண் உலர்ந்திருந்தால் வட்டம் உடைந்து போகும். கூம்பு செங்குத்தாக இருந்தால் வட்டங்கள் நெருங்கி ஒன்றோடொன்று ஒட்டிவிடும். பின்புறத்தை இந்த முறையால் பார்க்கவே முடியாது.

பென்டாகாம் போன்றவை ஒரு மெல்லிய ஒளிக்கீற்றைக் கண்ணில் செலுத்தி, சாய்வான கேமரா ஒன்றைச் சுழற்றிச் சுமார் 2 விநாடிக்குள் 25 அல்லது 50 குறுக்குவெட்டுப் படங்களை எடுக்கின்றன. அந்தச் சாய்வு உத்தி தியோடர் ஷைம்ஃப்ளூக் என்ற ஆஸ்திரிய ராணுவ அதிகாரி 1904-இல் வான்வழிப் படங்களைத் திருத்துவதற்காகக் காப்புரிமை பெற்றது. முன்புறம், பின்புறம், தடிமன் மூன்றும் இதில் கிடைக்கும். இதற்குத்தான் டோமோகிராஃபி என்று பெயர். ஆனால் 2 விநாடியில் கண் அசையும். அசைவைக் கருவி ஓரளவுதான் திருத்தும். அப்புறம், கருவிழியில் தழும்போ மங்கலோ இருந்தால் ஒளி சிதறி, விளிம்பு எங்கே என்பதிலேயே கருவி தவறிவிடும்.

முன்பகுதி ஓசிடி என்பது கண்ணின் முன்பகுதியை ஒளியால் குறுக்குவெட்டாகப் படமெடுக்கும் இன்னொரு கருவி. அது இன்னும் வேகமானது, தழும்பையும் ஓரளவு ஊடுருவும். மேல்தோலான எபிதீலியத்தைத் தனியாக அளக்கவும் முடியும். ஆரம்பக்கட்ட நோயில் அது முக்கியம். கூம்பின் மேல் எபிதீலியம் மெலிந்தும் சுற்றிலும் தடித்தும் மேட்டை நிரவி மறைத்துவிடும்.

ஒரே நாளில் மூன்று தடவை எடுத்தார்கள், மூன்றிலும் வேறு வேறு எண். கருவி கெட்டுப்போய்விட்டதா?

கெட்டுப்போகவில்லை. எந்த அளவுக்கும் ஒரு ஆட்டம் உண்டு. மூன்று தடவை எடுத்தவர் உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறார். அந்த ஆட்டம் எவ்வளவு என்பது அவருக்கு இப்போது தெரியும். ஒரே ஒரு தடவை எடுத்து அனுப்பியிருந்தால் அந்த எண் உறுதியானது என்று நீங்களும் நம்பியிருப்பீர்கள், அவரும் நம்பியிருப்பார்.

ஆட்டத்தை எண்ணாகச் சொல்ல ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஒரே கண்ணைத் திரும்பத் திரும்ப அளந்து கிடைக்கும் திட்ட விலக்கத்தை, அதாவது அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதை, 2.77-ஆல் பெருக்க வேண்டும். எந்த மாற்றமும் இல்லாத கண்ணில்கூட இரண்டு தனித்தனி அளவுகள் அவ்வளவு தூரம் விலகலாம், 100-க்கு 95 தடவை அதற்குள் அடங்கும் என்று பொருள். உதாரணத்துக்கு திட்ட விலக்கம் 0.3 டயாப்டர் என்று வைத்துக்கொண்டால் எல்லை 0.8-க்குக் கொஞ்சம் மேல். விலக்கம் 0.8 என்றால் எல்லை 2.2. அப்படிப்பட்ட கண்ணில் 52.1 என்பது 53.4 ஆனால் அதிலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாது.

மூன்று படங்களின் சராசரியை எடுத்தால் இந்த எல்லை சுமார் 1.7 மடங்கு சுருங்கும். ஆனால் ஒரே உட்காரலில் எடுத்த மூன்று படங்கள் அன்றைய கண்ணீரையும் அன்றைய கருவிழி வீக்கத்தையும் பொதுவாகச் சுமக்கின்றன. நாளுக்கு நாள் வரும் வித்தியாசத்தை அந்தச் சராசரி நீக்காது. சிகிச்சை முடிவு தொங்கிக்கொண்டிருக்கும்போது, வேறொரு நாளில் வரச் சொல்லி இன்னொரு தடவை எடுப்பதற்கு இதுதான் காரணம். அலைக்கழிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

நோய் முற்றிய கண்ணில் அளவு ஏன் இன்னும் அதிகமாக ஆடுகிறது?

பாதி காரணம் கண். கூம்பு செங்குத்தாக இருக்கும், தழும்பு இருக்கும், பார்வை மங்கலாக இருப்பதால் உள்ளே தெரியும் குறியை நோயாளியால் நிலையாகப் பார்க்க முடியாது. மீதிப் பாதி கணக்கு. இதை ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிடலாம்.

வளைவின் ஆரத்தை டயாப்டராக மாற்ற 337.5-ஐ மில்லிமீட்டரால் வகுக்க வேண்டும். ஆரம் 7.5 என்றால் 45 டயாப்டர், சாதாரணக் கண்ணுக்கு அருகில். கருவி 0.1 மில்லிமீட்டர் தவறி 7.4 என்று படித்தால் 45.6 வரும், தவறு 0.6. இப்போது முற்றிய கூம்பு, ஆரம் 5.0 மில்லிமீட்டர், அதாவது 67.5 டயாப்டர். அதே 0.1 தவறினால் 4.9, அதாவது 68.9. தவறு 1.4 டயாப்டர். கருவி செய்த பிழை இரண்டிலும் ஒன்றேதான், தாளில் அது இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாகத் தெரிகிறது. எல்லாக் கண்ணுக்கும் ஒரே 1 டயாப்டர் அளவுகோலை வைப்பது சரியில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

கேமேக்ஸ் 1 டயாப்டர் கூடினால் நோய் வளர்கிறது என்று படித்தேன். அது உண்மையா?

கேமேக்ஸ் என்பது கருவிழியின் முன்புறத்தில் மிகச் செங்குத்தான இடத்தின் அளவு. இந்த 1 டயாப்டர் விதி சிகிச்சை ஆய்வுகளில் யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்யப் பயன்பட்ட விதிகளில் இருந்து பரவியது. கருவிழியைப் புறஊதா ஒளியால் இறுக்கி நோயை நிறுத்தப் பார்க்கும் கிராஸ்லிங்கிங் சிகிச்சைக்கு அமெரிக்காவில் 2016-இல் ஒப்புதல் வாங்கித் தந்த ஆய்விலும் 24 மாதத்தில் செங்குத்து அளவு 1 டயாப்டர் கூடுவது ஒரு தகுதியாக இருந்தது. ஆய்வுக்கு ஆள் சேர்க்க அது போதும். ஒரே ஒருவரின் கண்ணைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அது மட்டும் போதாது.

கேமேக்ஸின் பலவீனம் அதன் வரையறையிலேயே இருக்கிறது. ஆயிரக்கணக்கான புள்ளிகளில் மிக அதிகமான ஒன்றைப் பொறுக்கி எடுத்தால், அந்த இடத்தில் விழுந்த சின்னப் பிழையும் சேர்ந்தே வரும். இமை முழுதாகத் திறக்காமல் ஓரத்தில் நிழல் விழுந்தாலே எண் எகிறிவிடும். இன்னொரு பக்கமும் இருக்கிறது. கூம்பு உயரமாகாமல் அகலமாகப் பரவினால் கேமேக்ஸ் அசையாமல் நிற்கும், நோய் மட்டும் நடந்துகொண்டே இருக்கும்.

2015-இல் பல நாட்டுக் கருவிழி நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட ஒருமித்த கருத்து வேறு மாதிரி சொல்கிறது. முன்புறம் செங்குத்தாவது, பின்புறம் செங்குத்தாவது, கருவிழி மெலிவது அல்லது ஓரத்திலிருந்து மெலிந்த இடம் வரை தடிமன் குறையும் வேகம் கூடுவது, இந்த மூன்றில் குறைந்தபட்சம் இரண்டு மாறியிருக்க வேண்டும். அந்த மாற்றம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், கருவியின் இயல்பான ஆட்டத்தைத் தாண்டியும் இருக்க வேண்டும். பெலின் என்ற கண் மருத்துவர் உருவாக்கிய ஏபிசிடி என்ற தரம் பிரிக்கும் முறையும் இதே வழியில்தான் போகிறது. மிக மெலிந்த புள்ளியை மையமாக வைத்து 3 மில்லிமீட்டர் வட்டத்தில் முன்புற, பின்புற வளைவு, அப்புறம் குறைந்தபட்சத் தடிமன், கடைசியாகக் கண்ணாடி போட்டுக் கிடைக்கும் பார்வை. ஒற்றைப் புள்ளியைவிட ஒரு வட்டத்தின் சராசரி நிலையாக இருக்கும்.

என்னிடம் கேட்டால், கேமேக்ஸ் மட்டும் கூடி மற்றதெல்லாம் அப்படியே இருக்கும் ரிப்போர்ட்டில் முதலில் படத்தின் தரத்தைத்தான் பார்ப்பேன். மூன்றும் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்திருந்தால், ஒவ்வொன்றும் தனியாகச் சின்னதாக இருந்தாலும் கவலைப்படுவேன்.

போன வருடம் வேறு இடத்தில், வேறு கருவியில் எடுத்தேன். இரண்டையும் ஒப்பிடலாமா?

கூடாது. ஒவ்வொரு கருவியும் தனியாக நம்பகமானதாக இருக்கலாம், ஆனால் ஒன்றின் எண்ணை மற்றதன் எண்ணோடு கழித்துப் பார்க்க முடியாது. இரண்டு கருவிகளின் அளவுகள் ஒன்றோடொன்று நன்றாக ஒத்துப்போகின்றன என்று காட்ட ஒட்டுறவுக் கெழுவை, அதாவது ஒன்று கூடும்போது மற்றதும் எவ்வளவு ஒழுங்காகக் கூடுகிறது என்று சொல்லும் எண்ணை, காட்டுவது வழக்கமாக இருந்தது. அது தவறு என்று பிளாண்ட், ஆல்ட்மன் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் 1986-இல் லான்செட் இதழில் விளக்கினார்கள். ஒரு கருவி எப்போதும் 2 டயாப்டர் கூட்டிக் காட்டினாலும் ஒட்டுறவு மிக நன்றாகவே இருக்கும். நோயாளிக்கு அந்த 2 டயாப்டர்தான் பிரச்சினை.

இடம் மாறித்தான் ஆக வேண்டும் என்றால், புதிய இடத்தில் எடுக்கும் முதல் ஸ்கேனை ஒரு புதிய தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய தாள்களைத் தூக்கிப் போட வேண்டாம். ஒரே கருவியில் எடுத்த பழைய வரிசையைப் பார்த்தால் அந்தக் காலத்தில் நோய் எந்தப் பக்கம் போனது என்று தெரியும்.

தடிமன் ஸ்கேனில் 412 மைக்ரான், அல்ட்ராசவுண்டில் 430. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். அல்ட்ராசவுண்ட் முனை தொடும் இடத்தை மட்டும் அளக்கிறது. கையால் வைப்பதால் மிக மெலிந்த இடத்தில் சரியாக வைத்தோமா என்பது வைத்தவருக்கே உறுதியாகத் தெரியாது. ஸ்கேன் முழு வரைபடத்தையும் எடுத்து மெலிந்த இடத்தைத் தேடித் தருகிறது.

இது வெறும் எண் சண்டையாகத் தோன்றலாம், ஆனால் 2003-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் இருந்து வந்த மூல கிராஸ்லிங்கிங் முறையில் எபிதீலியத்தை எடுத்தபின் குறைந்தது 400 மைக்ரான் இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் செல்களைப் புறஊதா ஒளியிலிருந்து காப்பாற்ற அந்த எல்லை. எபிதீலியம் சுமார் 50 மைக்ரான். ஸ்கேனில் 412 என்றால் எடுத்தபின் 400-க்குக் கீழே இறங்கிவிடும். அதனால் சிகிச்சை நேரத்தில் மேஜையிலேயே மறுபடி அளப்பார்கள், தேவைப்பட்டால் முறையை மாற்றுவார்கள்.

கான்டாக்ட் லென்ஸை எத்தனை நாள் முன்னால் கழற்ற வேண்டும்?

மென்மையான லென்ஸ் என்றால் 1 முதல் 2 வாரம், கெட்டியான லென்ஸ் என்றால் 2 முதல் 4 வாரம் என்பது வழக்கமாகச் சொல்வது. கெட்டியான லென்ஸ் கருவிழியை அமுக்கித் தட்டையாக்கி வைத்திருக்கும். கழற்றியதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய வடிவத்துக்குத் திரும்பும். போன தடவை 2 நாள், இந்தத் தடவை 2 வாரம் என்று கழற்றிவிட்டு வந்தால் நோய் வளராமலே வளர்ந்ததுபோலத் தெரியும்.

லென்ஸ் இல்லாமல் 2 வாரம் வேலைக்கே போக முடியாதவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எத்தனை நாள் முடியுமோ, ஒவ்வொரு தடவையும் அதே எண்ணிக்கை. அதை மறைக்காமல் சொல்லுங்கள், ரிப்போர்ட்டில் எழுதி வைக்கலாம். "ஒரு வாரமா போடலை" என்று சொல்லிவிட்டு நேற்று ராத்திரி கழற்றிய கண்ணில் எடுக்கும் ஸ்கேன், பின்னால் தேவையில்லாத சிகிச்சைக்கே உங்களைக் கொண்டுபோகலாம்.

ஸ்கேன் எடுக்கும்போது நான் செய்யக்கூடியது ஏதாவது?

நிறைய இருக்கிறது. தாடையை நன்றாகப் பதிய வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி வையுங்கள். பலருக்கு நெற்றி மெதுவாகப் பின்னால் நழுவும், அவர்களுக்கே தெரியாது. உள்ளே தெரியும் வெளிச்சக் குறியைப் பாருங்கள். அது இரண்டாக, மூன்றாகத் தெரிந்தால் சொல்லிவிடுங்கள், எதைப் பார்ப்பது என்று முடிவு செய்துகொள்ளலாம். ஒவ்வொரு தடவையும் வேறு பிம்பத்தைப் பார்த்தால் வேறு கண்ணை அளந்த மாதிரி ஆகிவிடும். படத்துக்கு முன் இரண்டு மூன்று தடவை நன்றாக இமைத்து, பிறகு அகலமாகத் திறந்து வையுங்கள். கண் அழுத்தம் பார்ப்பது, மரத்துப்போகும் சொட்டு விடுவது எல்லாம் ஸ்கேனுக்கு அப்புறம்தான். தூங்கி எழுந்த கையோடு வர வேண்டாம், இரவில் கண் மூடியிருக்கும்போது கருவிழி கொஞ்சம் வீங்கியிருக்கும். அப்புறம், கண்ணைக் கசக்காதீர்கள். இது ஸ்கேனுக்காக மட்டும் சொல்வதில்லை.

ஆட்டோரெஃப் ஒவ்வொரு தடவையும் வேறு சிலிண்டர் காட்டுகிறது.

ஆட்டோரெஃப் என்பது கண்ணாடி பவரைத் தானாகக் கணிக்கும் கருவி, சிலிண்டர் என்பது கருவிழியின் வளைவு திசைக்குத் திசை வேறுபடுவதைத் திருத்தும் பவர். ஒழுங்கற்ற கருவிழியில் கருவி கண்ணின் நடுவில் ஒரு சின்ன வட்டத்தைப் பார்த்து ஊகிக்கிறது. அந்த எண்ணை அப்படியே கண்ணாடியாக்கக் கூடாது. லென்ஸ் மாற்றி மாற்றி எழுத்து படிக்கச் சொல்லும் பழைய முறையே இங்கே நம்பகமானது, பொறுமையாகச் செய்தால்.

கண் அழுத்தம் எனக்கு எப்போதும் குறைவாகவே வருகிறது. நல்லதுதானே?

அப்படி நிம்மதியடைந்துவிட வேண்டாம். கண் அழுத்தத்தை அளக்கும் கோல்ட்மன் கருவி 520 மைக்ரான் தடிமனுள்ள கருவிழியை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. மெலிந்து தளர்ந்த கருவிழியை அமுக்குவது எளிது, அதனால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். குடும்பத்தில் கிளாக்கோமா இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், பார்வை நரம்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கிராஸ்லிங்கிங் செய்து ஒரு மாதம் ஆகிறது. ஸ்கேனில் முன்பைவிட மோசமாக இருக்கிறதே?

இதைப் பார்த்துவிட்டு அழுதவர்களை எனக்குத் தெரியும், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். முதல் மாதத்தில் கேமேக்ஸ் கூடுவது வழக்கமாக நடப்பது. எபிதீலியம் புதிதாக வளர்ந்து அடங்க நாளாகும். தடிமனும் முதல் சில மாதங்களில் குறைவாகக் காட்டும். அதில் ஒரு பகுதி நிஜம், ஒரு பகுதி கருவிழியில் தோன்றும் மெல்லிய மங்கலால் ஒளிக்கருவி தடுமாறுவது. 6 மாதத்துக்குப் பிறகு, இன்னும் நல்லது 12 மாதத்தில், அதே கருவியில் எடுத்ததை வைத்துப் பேசலாம். ஆனால் வலி, சிவப்பு, திடீர்ப் பார்வைக் குறைவு இருந்தால் ஸ்கேனுக்காகக் காத்திருக்காமல் உடனே போய்விட வேண்டும்.

கண்புரை ஆபரேஷனுக்கு லென்ஸ் பவர் கணக்கிடும்போது இது இடிக்குமா?

இடிக்கும். கருவிழியின் பவரைக் கருவி கூட்டிச் சொல்லிவிட்டால், உள்ளே வைக்கும் லென்ஸின் பவர் குறைந்துபோய், ஆபரேஷனுக்குப் பிறகு பிளஸ் பவர் மிஞ்சும். பின்புற வளைவையும் அளந்து, கெரட்டோகோனஸுக்கென்று உள்ள சூத்திரத்தில் போடும்போது தவறு குறையும், அடியோடு போகாது. முற்றிய கூம்பு என்றால் ஆபரேஷனுக்குப் பிறகும் கண்ணாடியோ கான்டாக்ட் லென்ஸோ தேவைப்படலாம் என்பதை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

படம் முழுக்கச் சிவப்பாக இருக்கிறது. ரொம்ப மோசமா?

நிறத்தைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் இருக்கும் அளவுப் பட்டையைப் பாருங்கள். பட்டையின் படிகளைச் சிறிதாக்கினால் நல்ல கண்கூடச் சிவக்கும். இரண்டு படங்களை ஒப்பிடும்போது இரண்டிலும் ஒரே பட்டையா என்று பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

என் மகனுக்கு 14 வயது. அளவு இவ்வளவு ஆடும் என்றால், உறுதியாகத் தெரியும்வரை காத்திருக்கலாமா?

இந்த வயதில் என் பதில் வேறு. 35 வயதுக்காரரின் கண்ணில் சந்தேகமான 1 டயாப்டர் என்றால் சில மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்க நேரம் இருக்கிறது. 14 வயதில் நோய் சில மாதங்களிலேயே வேகமாக நகரலாம், போன பார்வை திரும்பி வராது. அதனால் சிறுவர்களுக்கு 6 மாதம், 1 வருடம் என்று தள்ளிப் போடாமல் 3 மாதத்துக்கு ஒரு தடவை பார்ப்பது நல்லது. வளர்ச்சி நிரூபணமாகும் முன்பே கிராஸ்லிங்கிங் செய்யலாம் என்று சொல்லும் மருத்துவர்களும் இருக்கிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. முதல் நாளே ஒரே கருவியில் மூன்று நல்ல படங்களாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து ஒப்பிட நம்பகமான ஒரு தொடக்கம் கையில் இருக்கும். இடைப்பட்ட நாட்களில் அவன் கண்ணைக் கசக்குகிறானா என்று கவனியுங்கள், முக்கியமாகத் தூங்கி எழும்போது.